படையில் ஊனமானவருக்குப் பெரிய ஆபரேஷன்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக். காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. 2001-ல், ஊனத்தை மதிப்பிடும் ராணுவ டாக்டர் குழுவான மெடிக்கல் போர்டு முடிந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் உடம்பின் பாரத்தை எல்லாம் சுமந்த வலது முட்டி தேய்ந்துபோய், 2019-ல் முட்டி மாற்று ஆபரேஷன் செய்தோம். அதற்காக நான் அலைந்த அலைச்சலைப் பார்த்த மற்ற மிலிட்டரிக் குடும்பங்கள், கன்னங்குறிச்சியிலிருந்தும் ஏற்காட்டு மேலேயிருந்தும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தொகைகளும் வரம்புகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன், கையெழுத்துப் போடும் முன், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கிளினிக்கான பாலிகிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஈ.சி.எச்.எஸ். என்றால் என்ன? மெடிக்கல் இன்ஷூரன்ஸா?

இன்ஷூரன்ஸ் இல்லை. முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். 2003 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு தொடங்கியது. வருடா வருடம் பிரீமியம் கிடையாது. ஒரே முறை பங்குத்தொகை கட்டினால் ஆயுளுக்கும் போதும். இன்ஷூரன்ஸில் சொல்வதுபோல "வருடத்துக்கு இத்தனை லட்சம்தான்" என்ற உச்சவரம்பும் இல்லை, "முன்பே இருந்த நோய்" என்று தள்ளிவிடுவதும் இல்லை. பைபாஸ் ஆனாலும் புற்றுநோய் ஆனாலும் முட்டி ஆனாலும், பாலிகிளினிக்கில் பரிந்துரை (ரெஃபரல்) பெற்று, திட்டத்தோடு ஒப்பந்தம் செய்து பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கட்டாமல் சிகிச்சை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு பென்ஷனோடு வந்தவர்கள் எல்லோரும் கட்டாயமாக உறுப்பினர்கள்தான். அதற்கு முன் வந்தவர்கள் தாமாக விண்ணப்பித்துச் சேர வேண்டும். பழைய ஆட்கள் பலர் சேராமலே இருப்பது இதனால்தான்.

பங்குத்தொகை எவ்வளவு? ஊனமானவர்களும் கட்ட வேண்டுமா?

2017 டிசம்பர் உத்தரவுப்படி ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள், போரில் ஊனமானவர்கள், போரில் கணவரை இழந்தவர்கள் கட்ட வேண்டியதில்லை. இங்கே "போரில் ஊனம்" என்பதைக் கவனியுங்கள். படையில் இருக்கும்போது பைக் விபத்தில் ஊனமானவருக்கு ஊன ஓய்வூதியம் கிடைக்கலாம், ஆனால் இந்த விலக்கு அதனாலேயே வந்துவிடாது. உங்கள் பென்ஷன் உத்தரவுத் தாளான பி.பி.ஓ.வில் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

விண்ணப்பிக்கும்போது ஊனச் சதவீதத்தை மறக்காமல் பதியச் சொல்லுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் நிரந்தர ஊனம் உள்ளவர்களுக்கு வெள்ளை கார்டு தருவார்கள். எங்கள் முதல் கார்டில் அதைப் பதியாமல் விட்டுவிட்டு, பிறகு படையை விட்டு வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு நகல் எல்லாம் வைத்து மறுபடி விண்ணப்பித்தோம்.

யார் சேர முடியாது?

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் பொதுவாகச் சேர முடியாது; குறுகிய கால சர்வீஸ் அதிகாரிகள் போன்ற சிலருக்கு மட்டும் 2019-லிருந்து இடம் உண்டு. ஊன ஓய்வூதியம் மட்டும் வாங்குபவர் தாராளமாகச் சேரலாம். பயிற்சியின்போதே அடிபட்டு, மெடிக்கல் போர்டில் ஊன ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்ட ரெக்ரூட் பையன்களும் சேரலாம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஓய்வு பெற்றவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். வழி.

ஊனத்துக்குக் காரணமான காயத்துக்கு மட்டும்தான் சிகிச்சை கிடைக்குமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. "அவருக்குக் கையில்தானே குண்டடி, ஹார்ட்டுக்கு எப்படித் தருவார்கள்?" என்று ஓமலூரிலிருந்து ஒரு அக்கா கேட்டார். தருவார்கள். கார்டு அந்த ஆளுக்குத்தான், அந்தக் காயத்துக்கு மட்டும் என்று கிடையாது. கண்புரை, சர்க்கரை, சிறுநீரகம், இதயம் எல்லாம் அடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கால் போனவருக்கு மற்றக் கால் முட்டி சீக்கிரம் தேய்வது எலும்பு டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். கட்டையை ஊன்றி ஊன்றித் தோள்பட்டை கெடுவதும் உண்டு. "வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே" என்று ஒதுக்கிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தோம். அந்த மூன்று வருடமும் அவர் ராத்திரி தூங்கவில்லை.

ஆபரேஷன் செய்து குணமாகிவிட்டால் ஊன பென்ஷனைக் குறைத்துவிடுவார்களா?

அந்த மூன்று வருடத் தாமதத்துக்குக் காரணமே இந்தப் பயம்தான். என் வீட்டுக்காரர் என்னிடமே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தார். "முட்டியைச் சரிபண்ணினால் மறுபடி போர்டுக்குக் கூப்பிட்டுச் சதவீதத்தைக் குறைப்பார்கள்" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார்.

அப்படி நடக்காது. 1996-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கான விதியைப் பாதுகாப்பு அமைச்சகம் 2001-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரந்தர ஊனம் என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்துவிட்டால் அது ஆயுளுக்கும். சம்பந்தப்பட்டவரே மறுபரிசீலனை கேட்டால் ஒழிய, காலாகாலத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பரிசோதிக்கும் முறை இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த தாள் பென்ஷன் அலுவலகத்துக்குப் போய் உங்கள் பணத்தை வெட்டாது. நான் அந்த விதியைப் படித்துக் காட்டிய மறுவாரம் அவரே பாலிகிளினிக்குக் கிளம்பினார்.

சதவீதம் பற்றிப் பேசும்போது இதையும் பாருங்கள். ஊனம் 50-க்குக் கீழே என்றால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை என்றால் 75 ஆகவும், 76-ம் அதற்கு மேலும் என்றால் 100 ஆகவும் கணக்கிடும் முறை உண்டு. பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்த இதை, சர்வீஸ் முடித்து வந்த ஊனமுற்றவர்களுக்கும் தர வேண்டும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் பென்ஷன் தாளில் 30 அல்லது 40 என்றே நின்றுகொண்டிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டுங்கள். நூறு சதவீத ஊனத்தோடு எப்போதும் ஓர் ஆள் துணை தேவைப்படுபவருக்கு உதவியாளர் படி தனியாக உண்டு. ஏழாவது ஊதியக்குழு அதை மாதம் 4,500-லிருந்து 6,750 ஆக உயர்த்தியது.

ஆபரேஷன் வேண்டும் என்று தெரிந்ததும் முதலில் எங்கே போக வேண்டும்?

பாலிகிளினிக்குக்கு. ஆஸ்பத்திரிக்கு இல்லை. இதைத் தலைகீழாகச் செய்து நான் பட்டதைச் சொல்கிறேன். 2016-ல் அவருக்குப் பித்தப்பையில் கல். பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னார் என்று, பட்டியலில் இல்லாத ஓர் ஆஸ்பத்திரியில் நேராகச் சேர்த்தோம். அவசரம் ஒன்றும் இல்லை, நாள் குறித்துச் செய்த ஆபரேஷன். "பில்லை வைத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று நானே முடிவு செய்தேன். என் வளையலும் கம்மலும் அடகுக்குப் போனது. ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை, வரவும் வராது. முன் அனுமதி இல்லாமல், அவசரமும் இல்லாமல் வெளி ஆஸ்பத்திரியில் செய்துகொண்டால் விதியில் அதற்கு இடம் இல்லை.

சரி, முறையான வழி இப்படி. பாலிகிளினிக் டாக்டர் பார்த்து, அந்தந்தத் துறை நிபுணரிடம் காட்டச் சொல்லி ரெஃபரல் போடுவார். ஒப்பந்த ஆஸ்பத்திரிகளில் எதற்குப் போவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அங்கே நிபுணர் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து ஆபரேஷன் தேவை என்று எழுதித் தருவார். அந்தத் தாளோடு மறுபடி பாலிகிளினிக் வந்து, அட்மிஷனுக்கான ரெஃபரல் வாங்க வேண்டும். இந்த இரண்டாவது நடையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "போன மாசம் வாங்கிய ரெஃபரல் இருக்கே" என்று நேராகப் பெட்டியோடு போய் நிற்பார்கள், கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள். ரெஃபரலில் எந்தத் தேதி வரை செல்லும், எந்தச் சிகிச்சைக்கு என்று இரண்டையும் வாங்கின இடத்திலேயே நின்று படியுங்கள். முட்டி வலிக்குக் காட்ட என்று வாங்கிய சீட்டு முட்டி மாற்றுவதற்குப் போதாது.

அரசு விலைப்பட்டியலில் உள்ள ஆபரேஷன் என்றால் வேலை இதோடு முடிந்தது. பட்டியலில் இல்லாத சிகிச்சையோ, பட்டியலில் இல்லாத கருவியோ என்றால் ஆஸ்பத்திரி மதிப்பீட்டுத் தாள் தந்து, மேலிடத்து முன் அனுமதி வர வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் சும்மா இருக்காமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். மூட்டுக்குள் வைக்கும் உலோகத்துக்கு உடம்பில் வேறெங்கோ இருக்கும் கிருமி எமன்.

எந்த ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது? சேலத்திலேயே முடியுமா, கோயம்புத்தூர் போக வேண்டுமா?

ஒப்பந்தப் பட்டியலில் ஆஸ்பத்திரிகள் வரும், போகும். அதனால் நான் பெயர் எழுதவில்லை. பாலிகிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்க்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள், எதற்காக ஒப்பந்தம் என்று பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள். ஒரே ஆஸ்பத்திரி கண்ணுக்கு ஒப்பந்தத்தில் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. ஒப்பந்தம் எந்தத் தேதி வரை என்றும் கேளுங்கள்.

ராணுவ ஆஸ்பத்திரி உள்ள ஊர்களில் முதலில் அங்கேதான் அனுப்புவார்கள். சேலம் அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஆனாலும் விரும்பிப் போகலாம். வெலிங்டனிலும் சென்னை பரங்கிமலையிலும் ராணுவ ஆஸ்பத்திரிகள் உண்டு, பெங்களூரில் விமானப்படைக் கமாண்ட் ஆஸ்பத்திரி உண்டு. சிக்கலான காயம், பழைய குண்டுச் சில்லு, கெட்டுப்போன பழைய ஆபரேஷன் என்றால் அங்கே உள்ள டாக்டர்கள் அதுபோல நிறையப் பார்த்தவர்கள். நாங்கள் சேலத்திலேயே செய்தோம். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் பிசியோவுக்கும் தையலுக்கும் போய்வர வீடு பக்கத்தில் இருந்ததுதான் காரணம். பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி மட்டும்தான்.

நம் பெரியாஸ்பத்திரியை, அதாவது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை, கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். கார்டு, ரெஃபரல் எதிலாவது சிக்கல் என்று ஆபரேஷன் தள்ளிப்போகும்போது அங்கே காட்டலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முட்டி, ஸ்டென்ட், தட்டு இவற்றுக்கெல்லாம் தனியாகப் பணம் கேட்பார்களா?

ஆபரேஷனுக்கு ஒரு பேக்கேஜ் விலை. அறை, தியேட்டர், டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, சாதாரண மருந்துகள் எல்லாம் அதற்குள் வரும். உள்ளே வைக்கும் இம்ப்ளாண்டுக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு, அதுவரை அரசே தரும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், "இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது, முப்பது வருடம் வரும், கொஞ்சம் சேர்த்துப் போட்டால் போதும்" என்று சொல்லும்போது. வரம்புக்கு மேல் உள்ளதை நீங்கள் விரும்பிக் கேட்டால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே நேராகக் கேளுங்கள்: "வரம்புக்குள் உள்ளதை வைத்தால் இவருக்கு என்ன குறை வரும்?" எங்கள் சர்ஜன் நேர்மையானவர். "ஒரு குறையும் இல்லம்மா" என்றார்.

விலை பற்றி ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி இம்ப்ளாண்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. பெரும்பாலானவர்களுக்கு வைக்கும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அதே வருடம் பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கும் உச்ச விலை வந்தது. இந்த விவரம் தெரிந்து உட்கார்ந்தால், லட்சக்கணக்கில் சொல்லும்போது மிரள மாட்டீர்கள்.

இம்ப்ளாண்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது அந்த முட்டியைத் திறக்க வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

ரெஃபரல் இருந்தும் கவுண்டரில் டெபாசிட் கேட்கிறார்கள். என்ன செய்வது?

எங்களிடம் 40,000 கேட்டார்கள். "உங்கள் ஆபீஸிலிருந்து எங்களுக்குப் பாக்கி நிறைய இருக்கிறது, கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கோங்க" என்றார் அந்தப் பையன். பாக்கி தாமதமாவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரிக்கும் அரசுக்கும் இடையே உள்ள கணக்கு. செல்லுபடியாகும் ரெஃபரல் வைத்திருப்பவரிடம் பேக்கேஜுக்குள் வருகிற எதற்கும் பணம் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

நான் சத்தம் போடவில்லை. "நீங்கள் கேட்பதை உங்கள் லெட்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், பாலிகிளினிக்கில் காட்ட வேண்டும்" என்றேன். எழுதித் தர யாரும் முன்வரவில்லை. அங்கேயே நின்று பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிக்கு ஃபோன் செய்தேன், அவர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.எச்.எஸ். பொறுப்பாளரிடம் பேசினார். அரை மணி நேரத்தில் அட்மிஷன் ஆனது. கணவர் வீல்சேரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே இருந்த அந்த அரை மணி நேரம் எனக்கு மறக்காது. காலைக் கொடுத்தவர் கடன் கேட்க வந்தவர் மாதிரி குனிந்திருக்க வேண்டியதே இல்லை. அதனால்தான் பெண்களிடம் சொல்கிறேன், கணவர்கள் கூச்சப்படுவார்கள், நீங்கள் கேளுங்கள்.

பேசித் தீரவில்லை என்றால் பாலிகிளினிக்கில் எழுத்து மூலம் புகார், அதற்கு மேல் ஈ.சி.எச்.எஸ். மண்டல மையம், அதற்கும் மேல் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளம். பென்ஷன், ஊனச் சதவீதம் பற்றிய வழக்குகளுக்குச் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

நடு ராத்திரி நெஞ்சுவலி, ஏற்காட்டு மேலே இருக்கிறோம். ரெஃபரலுக்கு எங்கே போவது?

போகவே வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிட்டு, எது பக்கமோ அங்கே போங்கள். ஒப்பந்த ஆஸ்பத்திரி என்றால் கார்டைக் காட்டுங்கள், 48 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் பணம் நீங்கள் கட்ட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்கு நீங்கள் தகவல் சொல்ல வேண்டும். இதை யார் செய்வது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் ஐ.சி.யூ. வாசலில் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் என் தம்பி. கார்டு நகல் அவன் ஃபோனில் இருக்கிறது. அவசரம் என்று டாக்டர் எழுதிய சான்று, டிஸ்சார்ஜ் தாள், அசல் பில்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் அரசு விலைப்படி உள்ள தொகை திரும்ப வரும். நீங்கள் கட்டியது அதைவிட அதிகம் என்றால் மீதி வராது. ஆகையால் உயிர் பிடிபட்டதும் ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மலைப்பாதையில் விபத்து என்றால் இன்னொரு வழி உண்டு. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்தக் கார்டும் கேட்க மாட்டார்கள்.

மேலே குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிருங்கள். அந்த நாட்களில் அடிவாரப் பாதை ஏறுவதற்கு, இறங்குவது குப்பனூர் வழியாக என்று மாற்றிவிடுவார்கள், அதிலும் நெரிசல். புது முட்டியோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதும் லேசு இல்லை. நாகலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் முதல் மாதம் அஸ்தம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கி, பிறகுதான் மேலே போனார்கள். அது நல்ல யோசனை.

ஊனமானவர் என்பதால் டாக்டரிடம் தனியாக என்ன சொல்ல வேண்டும்?

உடம்புக்குள் குண்டுச் சில்லு, கம்பி, தட்டு ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் சில்லை நகர்த்திவிடும். "அது இருபது வருடம் முன்னால் பட்டது" என்று விட்டுவிடாதீர்கள், இரும்புக்கு வயது தெரியாது.

இல்லாத காலில் வலி வரும் பழக்கம் உள்ளவர்கள் அதை மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரக்கடிக்கும்போது சிலருக்கு அந்த வலி திரும்ப வருவதுண்டு. முன்பே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார்.

இருக்கும் ஒரே காலில் ஆபரேஷன் என்றால், எழுந்து நிற்கும் முதல் நாள் பாரம் முழுக்கச் செயற்கைக் காலில் இறங்கும். அது அன்றைக்குப் பொருந்துகிறதா? எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. படுத்துக் கிடந்ததில் அவருடைய இடது காலில் மிச்சமிருக்கும் தண்டுப் பகுதி இளைத்து, செயற்கைக் கால் கழன்று கழன்று வந்தது. இரண்டு காலும் இல்லாதது மாதிரி ஒரு வாரம். ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் முன்பே செயற்கைக் காலைச் சரிபார்த்துவிடுங்கள், இளைத்தால் போட்டுக்கொள்ள அதற்கான சாக்ஸ் கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். புது கால் தேவை என்றால் புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. 1944-லிருந்து இதே வேலைதான் செய்கிறார்கள். அளவெடுத்து, போட்டு நடக்கப் பழக்கி அனுப்புவார்கள். எங்கள் முதல் கால் அங்கே செய்ததுதான்.

எந்த வார்டு கிடைக்கும்?

ஹவில்தார் வரை பொது வார்டு, ஜே.சி.ஓ.க்களுக்கு, அதாவது நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை, இருவர் தங்கும் அறை, அதிகாரிகளுக்குத் தனி அறை. வீல்சேரோ கட்டையோ உபயோகிப்பவர் என்று முன்கூட்டியே சொன்னால், மேற்கத்தியக் கழிப்பறைக்குப் பக்கத்துப் படுக்கையாகப் பார்த்துத் தருவார்கள். கேட்டுப் பாருங்கள்.

பென்ஷன் இல்லாமல் வந்தவருக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் பாதை வேறு. முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

அடுத்தது முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு. பென்ஷன் இல்லாத, ஈ.சி.எச்.எஸ்.ஸில் இல்லாத முன்னாள் படைவீரருக்குப் பெரிய நோய்களுக்கான உதவி தருகிறார்கள். இதய ஆபரேஷன், வால்வு, பேஸ்மேக்கர், மூட்டு மாற்று, சிறுநீரக மாற்று, பக்கவாதம் இவற்றுக்கு ஒரு முறை அதிகபட்சம் 1.25 லட்சம் என்றிருந்தது, 2023-ல் 1.5 லட்சம் ஆனது. புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் வருடத்துக்கு 75,000 வரை. செலவில் சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. வரை 90 சதவீதமும் அதிகாரிகளுக்கு 75 சதவீதமும் கணக்கு. விண்ணப்பம் ஆன்லைனில் போட்டாலும், சரிபார்ப்பது சேலம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். அங்கே ஒரு முறை நேரில் போய் முகம் காட்டி வாருங்கள். பில் எல்லாம் அசலாக இருக்க வேண்டும்.

அவர் இல்லாத காலத்தில் எனக்கும் பிள்ளைகளுக்கும்?

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கு ஈ.சி.எச்.எஸ். தொடரும். கார்டை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மகனுக்கு 25 வயது வரை அல்லது வேலை கிடைக்கும் வரை. மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை அல்லது சம்பாதிக்கும் வரை. ஊனமுள்ள பிள்ளை என்றால் வயது வரம்பு இல்லை. பெற்றோரும் வருவார்கள், ஆனால் அவர்கள் இருவரின் வருமானமும் சேர்த்து மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டக் கூடாது.

அட்மிஷன் அன்றைக்குக் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கார்டு, ரெஃபரல், நிபுணர் எழுதிய தாள், ஆதார், பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், ஊனச் சான்று, பழைய ஆபரேஷன் தாள்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். எல்லாவற்றிலும் மூன்று நகல். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டு அந்தப் பட்டியலிலேயே எழுதிவையுங்கள். தியேட்டருக்குள் போகும்போது செயற்கைக் காலைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அதை வார்டில் கட்டிலுக்கு அடியில் விடாமல் நீங்களே கையில் வைத்திருங்கள், உள்ளே அணியும் சாக்ஸோடு ஒரு துணிப்பையில் போட்டு. அவர் மயக்கம் தெளிந்து முதலில் தேடுவது அதைத்தான்.